ஊசியில் நிற்கும் கடைசி வரி

பொத்தான் தேடிப் பெட்டியைத் திறந்தேன், மிஸி. பூச்சி உருண்டை வாசனையோடு அந்த வெள்ளைக் கம்பளி நூல் உருண்டை கையில் வந்தது. ஏழு வருடமாகியும் அதன் சுருள் போகவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து எல்லோருக்கும் ‘மிஸி’யான உங்களுக்கும், பள்ளிக்கூடத்து டீச்சரான எனக்கும் பின்னல் ஒன்றுதான் பொது. வட்டகொடை ரயில் ஸ்டேஷனிலிருந்து நனைந்து வருவேன். நீங்களும் களைத்துப்போய் அடுப்பருகே இருப்பீர்கள். பேசாமல் பின்னுவோம். அந்த ஒரு மணி நேரத்தைப் போல் வேறெதுவும் எனக்கு ஓய்வு தந்ததில்லை.

உங்கள் மகள் முதல்முறை உண்டாகியிருந்தாள். எட்டாம் மாதத்திலேயே ஒரு குட்டிச் சட்டையைப் பின்னி எடுத்துவந்தேன். நீங்கள் கை நீட்டவில்லை.

"பொறக்கட்டுங்க டீச்சர். பொறக்காத புள்ளைக்கு நாங்க எதுவும் எடுத்து வைக்கிறதில்ல."

"இத்தனை பிரசவம் பார்த்த நீங்களா சொல்றீங்க?"

"பார்த்ததுனாலதான் சொல்றேன்."

"நூலுக்கு என்ன தெரியும் மிஸி?" என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்த வாய்.

"படிச்சவங்கள யாரு பேசி ஜெயிக்க முடியும்!" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தீர்கள்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்று நீங்களே சொன்னீர்கள். காரணம் தெரிந்தும் மூன்று வாரம் உங்கள் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. கடைசியில் நீங்கள்தான் வந்தீர்கள், கையில் இந்த உருண்டையோடு. சட்டையைப் பிரித்திருந்தீர்கள்.

"கேத்தல் ஆவியில காட்டிப் பார்த்தேங்க, சுருக்கம் போகல. வேற ஏதாச்சும் பின்னுங்க. நூல் என்ன செஞ்சுச்சு, பாவம்."

நூலைத்தான் சொன்னீர்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் மேல் கோபமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமலே வருடங்கள் போயின. இந்த ஐப்பசி மழையில் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு மறுபடி ஒன்பதாம் மாதம். தைப் பனியில் பிறக்கப்போகிற பிள்ளை. அன்றைக்கே போர்த்த ஏதாவது வேண்டும். வெள்ளை நூலைத் தொட மனம் வராமல், ஹட்டனில் மஞ்சள் நூல் வாங்கினேன். கண் முன்போல் இல்லை. ஒரு வரிக்கு இரண்டு முறை பிரிக்கிறேன்.

நேற்று அவள் வந்தாள். மடியிலிருந்த பின்னலைப் பார்த்ததும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"முடிஞ்சிருச்சுங்களா டீச்சர்?"

"இல்லம்மா. இன்னும் ஒரு வரி இருக்கு."

கையை எடுத்தாள். ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை முழுதும் குடித்தாள்.

அந்த வரிக்கு ஐந்து நிமிடம் போதும். பதினோரு நாளாக அது ஊசியிலேயே நிற்கிறது. உங்கள் அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை, மிஸி. ஆனாலும் பிள்ளை பிறந்து அழட்டும். அப்புறம் முடித்துக்கொள்கிறேன்.