மறுபடி கேட்டவர்களுக்கு ஒரு பேரீச்சம்பழம்

இன்று காலை பஹ்ரைனின் ஈசா டவுனில் இதய மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஓர் இந்தோனேசியப் பெண் வந்து உட்கார்ந்தாள். வேலை செய்யும் வீட்டின் எஜமானியம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவள். அந்த அம்மாளை உள்ளே அழைத்துப் போனதும், கைப்பையிலிருந்து சிறு பச்சைக் குப்பியை எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டாள். யூகலிப்டஸ் தைலம் போலவும் இருக்கும், கற்பூரம் போலவும் இருக்கும், இரண்டுமில்லாத ஒரு வாசனை. ஏசி குளிரில் அது என் சட்டை வரைக்கும் வந்தது. அந்த வாசனையை நான் கடைசியாக உங்கள் கழுத்தருகில்தான் முகர்ந்தேன், டீச்சர்.

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல முறை நினைத்ததுண்டு. இப்போது எழுதுவதற்குக் காரணம் பயம்தான். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நாம் முதலில் சந்தித்தது என் பத்திரிகை அலுவலகத்தின் வரவேற்பறையில். பட்டறை ஒன்றில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் விரல்களை இழந்ததைப் பற்றி அன்று காலை என் செய்தி வந்திருந்தது. பருத்திப் புடவையும் மடித்த பத்திரிகையுமாக நீங்கள் நின்றீர்கள். இங்கே பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகம் செய்துகொள்ளக்கூட இல்லை.

"இதை எழுதினது நீர்தானே? எல்லாம் எழுதியிருக்கிறீர். ஃபோர்மன் என்ன சொன்னவர், அந்த மனுசன் அதை என்னெண்டு விளங்கிக்கொண்டவர் எண்டு மட்டும் எழுதேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மாலையே அந்தத் தொழிலாளியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒண்ணுமே கேக்கல சார். மிஷின் சத்தம். ஃபோர்மன் வாயசைச்சான், நான் தலையாட்டிட்டேன். மறுபடி கேட்டா, காது செவிடான்னு ஹிந்தியில நாலு பேர் முன்னாடி திட்டுவான். அதுக்குத் தலையாட்டிடறதே தேவலை."

இதை உங்களிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் இத்தனை வருசம் பிள்ளையளுக்குப் பதில் சொல்லத்தான் படிப்பிச்சிருக்கிறன். 'மறுபடி சொல்லுங்கோ' எண்டு கேக்கப் படிப்பிக்கேல்லை" என்றீர்கள்.

சிறிய அறக்கட்டளை ஒன்று உங்களை இந்தோனேசியாவுக்கு அழைத்தது அதற்குப் பின்னால். அங்குள்ள தொழிற்கல்விப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் வளைகுடா ஓட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்த வேண்டும். ஒவ்வொரு வருடமும் போய் வந்தீர்கள். ஒரு வருடம் என்னையும் கூப்பிட்டீர்கள். "வந்து பார்த்து எழுதும். என்ரை பெட்டியையும் தூக்கலாம்." ஆண்டு விடுமுறையை அதற்குக் கொடுத்தேன். தஞ்சாவூரிலிருந்து என் மனைவி கேட்டாள்: "வீட்டுக்கு வர லீவு இல்ல, இந்தோனேசியாவுக்கு மட்டும் லீவு இருக்கோ?"

சுரபாயாவில் உங்கள் படம் போட்ட பேனர் வாசலைவிட அகலமாக இருந்தது. தேசிய கீதம், பிரார்த்தனை, அதிகாரிகளின் உரை, ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் சிற்றுண்டி. பாத்திக் சட்டையிலும் முக்காட்டிலும் வந்த ஆசிரியர்கள் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் புன்னகையோடு தலையசைத்தார்கள். "ஈயா, ஈயா" என்று ஆமோதித்தார்கள். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவரை மறித்துக் கேள்வி கேட்டால் அவர் சரியாகச் சொல்லவில்லை என்றாகிவிடும், அது மரியாதை இல்லை என்று தேநீர் வேளையில் ஒருவர் எனக்கு விளக்கினார்.

நீங்கள் அதை எதிர்பார்த்தே போயிருந்தீர்கள். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஓட்டல் வாசலிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தீர்கள். அதைப் படமாக வரையச் சொன்னீர்கள். ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் குனிந்து வரைந்தார்கள். படங்களைச் சுவரில் ஒட்டியபோது ஒருவருடைய மருத்துவமனை கடலுக்குள் இருந்தது. இன்னொருவருடையது ஓட்டல் சமையலறைக்குள். ஒரு அம்மாள் பூச்செடிகளெல்லாம் போட்டு வண்ணம் தீட்டியிருந்தார், வழி மட்டும் வேறு ஊருக்குப் போனது. அவர்களே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பஹ்ரைனிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்தீர்கள். பேச்சை இடையில் நிறுத்தி 'அகெய்ன், ப்ளீஸ்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பேரீச்சம்பழம். அரபு நாட்டிலிருந்து வந்த பழம் என்றால் அங்கே தனி மதிப்பு. முதல் பழத்தை வாங்க ஒருவர் எழுந்து நிற்க வெகு நேரமாயிற்று. மாலைக்குள், வழுக்கைத் தலைத் தலைமையாசிரியர் ஒருவர் கன்னம் உப்ப உப்ப ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் சிரிக்காமல் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "இந்த ஐயாவுக்குச் சீனி வருத்தம் வந்தால் நான் பொறுப்பில்லை, கண்டீரோ."

அன்றைக்குத்தான் நான் இன்னொன்றையும் பார்த்தேன். படியேறும்போது பாதியில் நின்று, சுவரில் இருந்த பழைய மாணவர் குழுப் படத்தை உற்றுப் பார்த்தீர்கள். இறங்கும்போது அதே படத்தை மறுபடி பார்த்தீர்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்த பயிலரங்குக்காகப் பன்யுவாங்கிக்குப் போகும் ரயிலில் உங்கள் செருப்பு வார் பாதத்தில் பதிந்திருந்தது. கேட்டேன். "நாள் முழுக்க ரயிலிலை இருந்தால் ஆருக்கும் வீங்கும்." டொரொண்டோவிலிருந்து உங்கள் மகன் அழைத்தபோது, "ஓம் ராசா, நல்லா இருக்கிறன்" என்று உற்சாகமாகச் சொன்னீர்கள். சொல்லும்போது இடது கை ஜன்னல் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. வெளியே நெல்வயல், எரிமலை, மறுபடி நெல்வயல். குறிப்பு எடுக்க வந்த நான் அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் ஒரு ஊர் பாக்கி, அதற்குக் கப்பலில் லொம்போக் தீவுக்குப் போக வேண்டும். நடுக்கடலில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

பன்யுவாங்கியில் முணுமுணுப்புப் பாடத்தின் நடுவே உங்கள் குரல் நின்றது. அதுவும் பாடத்தின் பகுதி என்று நினைத்து எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டே இருந்தார்கள். நான் எழுந்து ஓடி வருவதற்குள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டீர்கள். நெற்றி முழுக்க வியர்வை. ஆசிரியர்கள் கூடினார்கள். "மாசுக் ஆஙின்" என்று ஒருவர் சொன்னதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது. உடம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். ஜலதோஷம், களைப்பு, வயிற்றுப் பொருமல், எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் பெயர்தான். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரினி என்ற ஆசிரியை பச்சைக் குப்பியோடு வந்து உங்கள் கழுத்திலும் முதுகிலும் தைலம் தேய்த்தார். காலையிலிருந்து வாய் திறக்காதவர். தான் வரைந்த படம் சரியில்லை என்று தெரிந்தும் ஒரு பழத்துக்குக்கூட எழுந்திருக்காதவர்.

"பாத்தீரோ, காத்துத்தான். அவையே சொல்லினம்" என்றீர்கள்.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திடுவோம்."

"விசர்க் கதை கதையாதையும். விடியக் கப்பல்."

"அப்ப உங்க பையனுக்குப் போன் பண்றேன்."

அதற்கு முன் என்னை அப்படி முறைத்துப் பார்த்ததில்லை நீங்கள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தீர்கள். "சரி, நடவும். உம்மடை பயத்துக்கு ஒரு மருந்து எடுப்பம்."

மொழிபெயர்க்க ரினி கூட வந்தார். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் இதயத்துடிப்பைப் பதிவு செய்த தாளை நீளமாகப் பிடித்துப் பார்த்தார். மிகவும் மரியாதையானவர். நீங்களோ வெளிநாட்டு விருந்தாளி, வயதானவர், ஆசிரியை. உங்களிடம் கெட்ட செய்தியை நேராகச் சொல்ல அவருக்கு நா வரவில்லை; ஆங்கிலமும் போதவில்லை. கொஞ்சம் சரியில்லை, ஆனால் பரவாயில்லை, ஓய்வு வேண்டும், சரியா அம்மா என்கிற மாதிரி ஏதோ மென்மையாகச் சொன்னார்.

நீங்கள் தலையாட்டினீர்கள். "எஸ், டாக்டர். ரெஸ்ட். தேங்க்யூ." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தும்விட்டீர்கள்.

நான் வாயைத் திறந்தேன், எனக்கு அந்த மொழி தெரியாது. அப்போது ரினி முன்னால் வந்தார். முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தன் ஊர் மருத்துவரிடம் தன் மொழியில் கேட்காமல், வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையையே முதலில் சொன்னார்.

"அகெய்ன், ப்ளீஸ், டாக்டர்."

மருத்துவர் திகைத்துப் பார்த்தார். ரினி இந்தோனேசிய மொழிக்கு மாறிக் கேட்டார். அவர் சொன்னார். ரினி மறுபடி கேட்டார். இந்த முறை மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளில் விரல் வைத்து, வெகு நேரம் பேசினார். ரினியின் முகம் மாறுவதிலிருந்தே எனக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. அவர் உங்கள் பக்கம் திரும்பினார். இது காற்று இல்லை, இதயம். கப்பலில் ஏறக் கூடாது, படிகூட ஏறக் கூடாது. இப்போதே படுக்க வேண்டும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கிறது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ரினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெதுவாக உட்கார்ந்தீர்கள். கைப்பைக்குள் கையை விட்டு டப்பாவைத் தேடித் திறந்தீர்கள். அதன் அடியில் ஒரு பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தீர்கள். ரினி அதைச் சாப்பிடவில்லை. கையை மூடிக்கொண்டு அழுதார்.

சுரபாயாவுக்கு ஆம்புலன்ஸில் போனது, மகன் பறந்து வந்தது, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு கணினித் திரையில்தான் பயிலரங்கு நடத்தினீர்கள். தலைமையாசிரியர் திரையிலும் கையைத் தூக்குவார், பழம் கிடைக்காது. பிறகு மகனோடு இருக்க டொரொண்டோ போனீர்கள். கடைசியாகப் பேசியபோது, "ரினி இப்ப தானே வகுப்பு எடுக்கிறாள், ஊர் ஊராப் போறாள். பேரீச்சம்பழம் விலையாம், கடலை முட்டாய் குடுக்கிறாளாம்" என்று சிரித்தீர்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், வாசித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே போய்விட்டீர்கள் என்று உங்கள் மகன் சொன்னார்.

என் கதைக்கு வருகிறேன். சில வாரங்களாக அலுவலகப் படிக்கட்டின் பாதியில் நின்று தீயணைப்பு அறிவிப்புப் பலகையைப் படிக்கிறேன். மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்று முதலில் எனக்கே தெரியவில்லை. தெரிந்த பிறகும் மனைவியிடம் தினமும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைய மருத்துவர் எகிப்துக்காரர். வெளியே கூட்டம். பரிசோதனை முடிவைத் திரையில் பார்த்தபடியே மடமடவென்று பேசினார். "டேக் திஸ். கம் சண்டே. ஸ்மால் ப்ரொசீஜர். ஓகே? கலாஸ்." முடிந்தது என்று அரபியில் சொல்லிவிட்டார். என் தலை அதற்குள் ஆடிவிட்டது. அமைச்சர்களையும் முதலாளிகளையும் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தேன். கதவு திறந்ததும் கூடத்திலிருந்து அந்தத் தைல வாசனை வந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

"அகெய்ன், ப்ளீஸ், டாக்டர்."

மலையாளி நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மருத்துவர் பெருமூச்சு விட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். சொன்னார். விளங்காத இடத்தில் மறுபடி நிறுத்தினேன். ஒரு ரத்தக்குழாய் மிகவும் சுருங்கியிருக்கிறது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அப்போதே ஸ்டென்ட் வைப்பார்கள். தனியாக வரக் கூடாது. வீட்டு மனிதர் ஒருவர் கூட இருக்க வேண்டும். முதல் முறை அவர் பேசியதில் நான் இதில் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. நானே கார் ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

வெளியே வெயிலில் கண் கூசியது. தெருமுனைக் கோல்டு ஸ்டோர் மளிகைக் கடையில் ஒரு டப்பா பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். கேட்டவனுக்கு ஒன்று உண்டு என்று எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதை நீங்கள்தான் தர வேண்டும். கையில் வைத்துக்கொண்டே தஞ்சாவூருக்கு அழைத்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து, கொஞ்சம் சரியில்லை, ஆனால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று தொடங்கினேன். பன்யுவாங்கி மருத்துவரின் குரல் எனக்கே கேட்டது.

மனைவி குறுக்கே நிறுத்தினாள். "என்ன சொல்றீங்க? ஒண்ணும் புரியல. மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன், முழுதாக. அவள் சனிக்கிழமை விமானத்தில் வருகிறாள். பயம் போகவில்லை. அந்த ஒரு பழத்தை மட்டும் டப்பாவில் திரும்பப் போடாமல், காகிதத்தில் சுற்றி, அவளுக்கென்று சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.