தயாபரனின் மாவட்டக் காசுகள்

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழி விஜயலெட்சுமிக்கு,

குவைத்தில் வேலை செய்யும் வீட்டில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க இறைவனிடம் துஆ கேட்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. ஹாலிஎல பக்கம் பஸ் ஓடுகிறது. எங்கள் கடைக்குள் தண்ணீர் வந்தது, பெரிய சேதமில்லை. பக்கத்து வீட்டு முஷ்ரிபாவின் கணவர் நாளை குவைத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன்.

"கூரையில கொஞ்சம் ஒழுக்கு" என்றுதானே உன் கணவர் உன்னிடம் சொன்னார்? இல்லை விஜி. மண்சரிவில் உங்கள் தோட்டத்து லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், போய்விட்டது. பயப்படாதே, தயாபரன் நலம். தெமோதரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மற்றவர்களோடு தங்கியிருக்கிறார். உங்கள் லயத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்கு அவரும் ஒரு காரணம்.

அன்று பகலில் மேட்டிலிருந்து மண் இறங்கியதும் எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். இவர் காசு டப்பாவை எடுக்க உள்ளே போனாராம். நம் நாட்டின் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் தனித்தனிச் சின்னம் போட்டு வந்த பத்து ரூபாய்க் காசுகள், நீங்கள் இருவரும் சேர்ந்து தேடியவை. முல்லைத்தீவுக் காசுக்காக எத்தனை பஸ் கண்டக்டர்களிடம் கெஞ்சியிருப்பார்! டப்பாவைக் கையில் எடுத்த நேரம் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கருப்பம்மாவின் குரல் கேட்டிருக்கிறது. இடுப்பு முறிந்து படுத்திருந்தவரை ஓடிய அவசரத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். தூக்க இரண்டு கையும் வேண்டும். டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு அவரை ஏந்திக்கொண்டு வந்திருக்கிறார். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது லயம் இல்லை. "பெத்த புள்ள கூட இப்படி வரமாட்டான்மா" என்று பாடசாலையில் கருப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

விஷயம் பரவியதும் கடைக்கு வருகிறவர்கள் தங்களிடமிருந்த மாவட்டக் காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பஸீல் ஆசையோடு பாடசாலைக்கு எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன். தயாபரன் கும்பிட்டு மறுத்துவிட்டார். "குடுக்கிறவங்க மனசு பெருசுங்க. ஆனா தேடிச் சேத்தாத்தான் அது எங்களோடது. விஜியும் கூட இருந்து தேடணும்" என்றார். பதுளைக் காசு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சட்டைப்பையில் கிடந்த சில்லறையில் பத்து ரூபாயைப் பஸீலின் கையில் வைத்தார். இத்தனை காலம் கடை வைத்திருக்கிறோம், எல்லாம் போன பிறகும் இப்படி நிமிர்ந்து நிற்கிற மனிதரை நான் கண்டதில்லை.

ஆனால் உன் பேரைச் சொன்னபோது மட்டும் அவர் தலை குனிந்தார். டப்பாவை விட்டதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் வீடியோவில் பேசாமல் தட்டிக் கழிக்கிறார்.

இதை வாசித்ததும் அவருக்குப் போன் எடு. காசு போன கதையை அவர் வாயாலேயே சொல்லட்டும், நீ இப்போதுதான் கேட்பதுபோல் கேள். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எப்போது வருவாய் என்று அவர் கேட்கமாட்டார் விஜி. நீயாகச் சொல்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஜெனீரா