திறந்தே கிடந்த வால்வு

அன்புள்ள ராய்ஸுக்கு,

நான் நலம். உன் இடுப்பு எலும்பு கூடி வருகிறதா? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உன் மகள் ஜனெல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நான் உன்னிடம் பேசுகிறேனா, ஒமாஹா ஊருக்கே பேசுகிறேனா என்று தெரிவதில்லை. அதனால்தான் கடிதம். தனியாகப் படி.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மற்றது அப்புறம். அரிசோனா வந்து நம் வண்டிவீட்டை நிறுத்திய அன்றே கக்கூஸ் தொட்டியின் சாக்கடை வால்வைத் திறந்துவிட்டு, "டோரீன், இது இப்படியே கெடக்கட்டும், எல்லாம் தானா போயிரும், நமக்கு வேலை மிச்சம்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் தானாகப் போனது. மற்றது போகவில்லை. நீ விழுந்து ஒமாஹா போன பிறகு அது உள்ளே மலையாகக் குவிந்து, இறுகி, கடைசியில் கக்கூஸ் கிண்ணம் வரை எட்டிப் பார்த்தது. வால்வை மூடியே வைத்து, தொட்டி நிறைந்ததும் மொத்தமாகத் திறக்க வேண்டும் என்று இந்த வண்டிவீட்டு முகாமில் எல்லோருக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியாதா? நல்லா இருக்குய்யா உன் புத்தி!

சரி என்று தொட்டி கழுவும் குழாயில் ஹோஸை மாட்டித் தண்ணீரைத் திறந்தேன். அது தொட்டிக்குள் பீச்சாமல் குளியலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து கொட்டியது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், அழுக்குத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் வால்வு உறைபனியில் பிளந்து கிடக்கிறது. போன குளிரில் கொலராடோவில் குழாயை வடித்துவிடச் சொல்லிக் கரடியாய்க் கத்தினேன். "வடிச்சாச்சு, வடிச்சாச்சு" என்றாய். என்னத்தை வடித்தாயோ!

பக்கத்து வண்டியில் இருக்கும் ஓப்பல்தான் கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கி வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் வீட்டுக்காரன் இடுப்ப ஒடச்சிக்கிட்டு நல்லா தப்பிச்சிட்டான்டி" என்றாள். மரையில் டேப் சுற்றி நானே மாட்டினேன். அப்புறம் தண்ணீர் நிரப்பி ஊறவைப்பதும், திறந்துவிடுவதும், கழுவுவதுமாக ஒரு வாரம் போனது. கடைசியில் தொட்டியிலிருந்து தண்ணீர் தெளிவாக வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள நீ இல்லை.

அன்று சாயங்காலம்தான் ஜனெல் போன் செய்தாள். வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டாளாம். நாம் இருவரும் இனி அவள் வீட்டுக் கீழ்த்தள அறையிலேயே இருந்துகொள்ளலாமாம். "அப்பாவும் சரின்னுட்டாரு" என்றாள். பின்னால் நீ இருமியது கேட்டது. நம் வீட்டை விற்கிறார்கள், உனக்கு இருமல் வருகிறது! ஜன்னல்கூட இல்லாத அந்த அறையில் நான் எப்படி இருப்பேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

சனிக்கிழமை வண்டியை வாங்குகிறவர்கள் பார்க்க வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நல்லவர்கள்தான். தொட்டி கழுவும் வசதி வேலை செய்கிறதா என்று அந்த ஆள் கேட்டார். பேஷாகச் செய்கிறது என்று சொல்லி, வெளியே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தேன். காபி கொடுத்தேன். ஆப்பிள் கேக் வெட்டி வைத்தேன். வற்புறுத்தி இன்னொரு காபியும் ஊற்றினேன். அப்புறம் அந்த அம்மா கக்கூஸுக்குப் போய், கிண்ணத்தின் அடியைத் திறக்கும் மிதியை மிதித்தாள். ராய்ஸ், கூரை வரை அடித்தது! வெள்ளை பேண்ட் வேறு, பாவம். "ஐயோ ஹெர்ப், இது என்ன வண்டியா, வாய்க்காலா, வா போயிருவோம்" என்று அவள் போட்ட கூச்சல் முகாம் முழுக்கக் கேட்டது. காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்கள்.

தொட்டியைக் கழுவும்போது மட்டும் சாக்கடை வால்வு திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்து மேலே பொங்கும். வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று ஜனெலிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிவிட்டாள். நீ நம்பாதே. வால்வின் பிடி என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இழுத்திருந்தால் திறந்திருக்கும். நான் இழுக்கவில்லை.

வலித்தாலும் தினமும் நட. கடவுள் உன் காலுக்குப் பலம் கொடுக்கட்டும். சீக்கிரம் வந்து சேர், ராய்ஸ். இன்னொரு தடவை என்னால் இப்படிச் செய்ய முடியாது.

உன்,
டோரீன்