வெள்ளிப் புல்லாங்குழலின் கடைசி அத்தியாயம்

கார்த்திகை, திங்கள்

விடிய மழை. பிறகு ஒரே புழுக்கம். துணி ஒன்றும் காயவில்லை. அச்சகத்திலிருந்து போன்: "மிஸ், உங்கட சிறுவர் கதையின்ர கடைசி அத்தியாயம் எப்ப தருவீங்கள்? படம் கீறுறவர் பாத்துக்கொண்டிருக்கிறார்." இந்தக் கிழமைக்குள் என்றேன். பொய். ஒரு வரிகூட எழுதவில்லை.

பின்னேரம் பஸ்ஸில் கடலோரச் சல்லிக் கிராமத்துக்கு, அக்கா வீடு. அத்தானின் படகு மட்டும் கரையொதுங்கிய நாளிலிருந்து அக்கா தலை வாருவதில்லை. மகள் துளசி, எட்டு வயது, வீட்டில் இல்லை. கடற்கரையில் நின்று பள்ளிக்கூட ரெக்கோடர்க் குழலை ஊதிக்கொண்டிருந்தாள். முழுக்க நனைந்து, உதடெல்லாம் வெளிறி.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நீங்கள்தானே சித்தி எழுதினீங்கள். தேவதை புல்லாங்குழல் ஊதினா கடலுக்குள்ள போன ஆக்கள் திரும்பி வருவினம் எண்டு."

மூன்றாம் அத்தியாயம். அத்தான் இருக்கும்போதே வாசித்துக் காட்டியது. அவரும் கேட்டுச் சிரித்தார்.

செவ்வாய்

பாலர் பாடசாலையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன், மூக்கொழுகல். எனக்கும் வரும்போல.

சல்லியில் குருக்கள். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கலாமாம். ஞாயிறு நல்லது என்றார். அக்கா தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் படி இறங்கியதும் என்மேல் பாய்ந்தாள்.

"அவள் அங்க நிண்டு தேப்பனைக் கூப்பிடுறாள். நான் இங்க தாலியைக் கழட்டவோ? எழுதினது நீ. நீயே போய்ச் சொல்லு."

சரியான கோபம் எனக்கு. குட்டித் தேவதைகளைப் பற்றி எழுதியதற்கு இவ்வளவு பேச்சா? பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லை.

வியாழன்

துளசிக்குக் காய்ச்சல். அப்படியும் அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து ஓடியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணர் தூக்கிக்கொண்டு வந்தார். "அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வலை திருத்தக் கை வருகுதில்லை, தங்கச்சி" என்றார்.

பனடோல் மாத்திரை, சோடா, பேக்கரிப் பாண் வாங்கிக் கொடுத்தேன்.

கடைசி அத்தியாயம் எழுதி முடித்தாயிற்று. தேவதை எவ்வளவு ஊதியும் மாலுமி வரவில்லை. தேவதைகள் எல்லோரும் வீணை, மத்தளம், சங்கு என்று சேர்ந்து வாசித்துப் பார்க்கிறார்கள். வரவில்லை. அச்சகத்தாருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

சனி

துளசிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மடியில் இருத்தி வாசித்தேன். அக்கா அகப்பையும் கையுமாய்க் குசினி வாசலில் நின்று கேட்டாள். "மாலுமி திரும்பி வரமுடியாத இடத்துக்குப் போய்விட்டார். தேவதை அழுதாள்" என்று முடித்தேன்.

துளசி அழவில்லை.

"மாலுமிக்குச் சத்தம் கேட்டதோ, சித்தி?"

கேட்டும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? "இல்லையம்மா. கேக்கேல்லை."

துளசி எழுந்துபோய் ரெக்கோடரை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். விளங்கிவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அக்காவும் மூச்சுவிட்டாள்.

"அப்ப நான் ஊதினது காணாது" என்றாள் துளசி. "இன்னும் பலமா ஊதியிருந்தா அப்பாக்குக் கேட்டிருக்கும்."

நாளை விடிய குருக்கள் தர்ப்பையோடு வருகிறார்.