கேசட்டுக்கு வைத்த பொட்டு

ரஞ்சிதாவுக்கு,

பழைய வீடியோ கேம் மறுபடி ஓடுகிறது. ஆயுத பூசைக்கு நீ வைத்த சந்தனம் கேசட்டின் வாய்க்குள் இறங்கியிருந்தது. துடைத்ததும் படம் வந்துவிட்டது. அதற்குப் போய் நேற்று உன்னிடம் கத்தியது என் தப்பு. நான் கேசட் சேர்க்க ஆரம்பித்ததும் வீடே சிரித்தது. நீ ஒருத்திதான், "அதுவும் மெசின்தானுங்க, விட்டுட்டா கோவிச்சுக்கும்" என்று போர்வெல் போடும் ரிக் வண்டியின் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாய். அந்த மனசுக்கு நன்றி.

தோசை சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்திருக்கிறேன். சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

கேசட் விற்கும் செவ்வாய்ப்பேட்டைக்காரர் பதினோரு மணிக்கு வருவார். போட்டுப் பார்த்து, நீயே ஒன்று தேர்ந்தெடு.

குருமூர்த்தி

பி.கு: இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கேசட்டாகப் பார். தனியாக ஆட எனக்கு மனசில்லை.