செல்லையாவின் தைலம்

ஐப்பசி 14, வியாழன். பிரிக்பீல்ட்ஸ்.

இன்று தடியில்லாமல் நாற்பது அடி நடந்தேன். கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எண்ணினார். "தினம் பத்தடி கூட்டு. அடுத்த மாசம் ரயில் வேலைக்கே போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார்.

சாயங்காலம், என்னோடு ரயிலில் வேலை பார்த்துச் செத்துப்போன செல்லையாவின் பெண்சாதி வந்தாள். அவன் தோள்வலிக்குக் காய்ச்சிய தைலம், பாதிப் போத்தல் மிச்சமாம்.

"அவரை இழுக்க ஓடித்தானே அண்ணே உங்க முட்டி நொறுங்குச்சு. நல்லாத் தேச்சு நடங்க."

வாங்கிக்கொண்டேன். இரண்டு பெட்டிக்கு நடுவே கொக்கி மாட்டிவிட்டு அவன் வெளியே வருமுன்பே, ரயிலை நகர்த்தச் சொல்லிப் பச்சைக்கொடி ஆட்டியது நான்தான். ஓடியது அதற்கப்புறம்.

தேய்த்தேன். அறை முழுக்க அவன் வாசனை. முட்டியில் வலியே இல்லை.

வேலைக்குப் போனால் அதே கொடியைத்தான் கொடுப்பார்கள். நாளைக்கு ஐம்பது அடி. முப்பதிலேயே வலிக்குது என்று உட்கார்ந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.