கறுவலின் பின்கால் நகங்கள் குறித்து

அனுப்புபவர்:
பொன்னுத்துரை சச்சிதானந்தன்,
வீட்டு இலக்கம் 1107, பதினோராம் மாடி,
டோர்செட் பார்க், ஸ்காபரோ.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கிழக்கு வட்டார விலங்குப் பாதுகாப்பு நிலையம்,
ரொறன்ரோ.

விடயம்: 31.01.1997 அன்று எனது வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, தங்கள் பதிவில் ‘கறோல்’ எனப் பிழையாகப் பெயர் எழுதப்பட்டுள்ள பன்னிரண்டு வயது ஆண் நாயை வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் திருப்பித் தருமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் 05.02.1997 திகதியிட்ட கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும், தாதியர் படிப்புப் படிக்கும் பிரதீபா என்ற பிள்ளை அதை எங்களுக்கு வாசித்துச் சொன்னார். நான் எனது நாயைப் பின்கால்களில் பிடித்துத் தெருவில் இழுத்துச் சென்றேன், அதனால் நாயின் நகங்கள் தேய்ந்து இரத்தம் வந்தது, இவற்றை நானே ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டேன் என்று அக்கடிதம் சொல்கிறது. இந்த இடத்தில் பிரதீபா வாசிப்பதை நிறுத்திவிட்டு, “அங்கிள், நீங்கள் இப்பிடிச் சொன்னனீங்களோ?” என்று கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. எப்படி அப்படி ஆயிற்று என்பதை ஐந்தாம் பந்தியில் எழுதியிருக்கிறேன்.

2. நாய் முதியது, கட்டளைக்குப் பணிவதில்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆகவே வேறொருவருக்கு வளர்க்கக் கொடுக்கவும் ஏற்றதல்ல என்றும் அக்கடிதம் சொல்கிறது. 14ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் தகுந்த விளக்கம் கிடைக்காவிட்டால் ஊசி மூலம் அதன் உயிர் போக்கப்படும் என்பது கடைசி வரி. விளக்கத்தை அவரவர் தாய்மொழியில் எழுதலாம், நிலையமே மொழிபெயர்த்துக்கொள்ளும் என அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை நம்பித் தமிழில் எழுதுகிறேன். மார்க்கம் நகரில் நான் படச்சட்டங்கள் பொதிசெய்யும் வேலைக்கும், பஸ் ஏறி இறங்குவதற்கும் எனது ஆங்கிலம் போதும். ஓர் உயிரைத் திருப்பிக் கேட்பதற்குப் போதாது. இது மனு என்பதால் நான் கறுவலை ‘அது’ என்று எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. எனது மனைவி யோகமலர் இதை எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

3. நடந்தது இதுதான். சென்ற செப்டெம்பர் மாதம் கறுவல் நடக்கும்போது சீமெந்துத் தரையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். கறுவலின் பின்பாதம் மடிந்து, விரல்களின் மேற்பக்கம் நிலத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் உள்ள இரண்டு நகங்களும் பாதியாகிவிட்டிருந்தன. மிருக வைத்தியர் கறுவலின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்தார். முதுகு நரம்பு பழுதாகி வருகிறது, பாதத்தின் செய்தி தலைக்குப் போய்ச் சேர்வதில்லை, தனது பாதம் எங்கே இருக்கிறது என்பதே கறுவலுக்குத் தெரியாது என்றார். இதை மாற்ற மருந்து இல்லை. நகங்களைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான் என்றார். ஒக்ரோபர் மாதம் அவர் எழுதித் தந்த கடிதத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அந்தக் கடிதம் எங்கள் வீட்டு மேசை லாச்சியில் இருந்தது. கேட்டிருந்தால் அன்றே காட்டியிருப்பேன்.

வைத்தியர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. எனக்கு நீரிழிவு வந்து பதினாறு வருடம். எனது இடது பாதத்துக்கும் உணர்வு குறைவு. முந்தின வருடம் ஒரு முழு நாள் சப்பாத்துக்குள் ஓர் ஆணியோடு வேலைசெய்தேன். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோதுதான் இரத்தத்தைக் கண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் கண்ணாடியைக் கீழே வைத்து எனது பாதத்தைப் பார்ப்பேன். செப்டெம்பரிலிருந்து எனது பாதத்தைப் பார்த்து முடித்ததும் கறுவலின் பாதங்களையும் பார்த்து வந்தேன். உணர்வில்லாத காலைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

4. நான் செய்தவை பின்வருமாறு. இலையுதிர் காலம் முடியும்வரை கறுவலைச் சீமெந்தில் நடக்க விடவில்லை. கட்டடத்தின் பின்னால் உள்ள புல்லில் மாத்திரம் நடத்தினேன். புல்லில் நகம் தேய்வதில்லை. டிசெம்பரில் பனி கொட்டிப் புல் முழுவதும் மூடுண்டது. மிஞ்சியது உப்பும் மணலும் தூவிய நடைபாதை மட்டும். அதில் நாலு தரம் போய்வந்தால் நகக்கண் வெளியே தெரியும். அடிவயிற்றின் கீழே ஒரு குளிக்கும் துவாயைக் கொடுத்து, இரண்டு நுனிகளையும் மேலே பிடித்து, கறுவலின் பின்பாகத்தை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மிருகங்களுக்கென்று விற்கும் சப்பாத்தை வைத்தியர் தந்தார். கறுவல் அதை மூன்றாம் அடியிலேயே உதறிவிடும். ஆகவே யோகமலர் கைக்குழந்தைகளின் காலுறைகளை வாங்கி வந்தார். கடையில் நின்ற பெண் வாழ்த்துச் சொல்லி, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாராம். பன்னிரண்டு வயது என்று இவர் சொன்னாராம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஐயா.

அந்தக் காலுறை கழன்றுபோகாமல் இருக்க, மின்சார வேலைக்காரர் பாவிக்கும் கறுப்பு ஒட்டு ரேப்பை அதன் மேல் தளர்வாகச் சுற்றுவேன். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வு. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன். இவ்வளவு செய்தும் சில நாட்களில் காலுறை தேய்ந்து ஓட்டையாகி, நகத்திலிருந்து இரத்தம் வரும். அப்போது இளஞ்சூட்டுத் தண்ணீரால் உப்பைக் கழுவி, சோளமாவை நகத்தில் வைத்து ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிப்பேன். இரத்தம் நின்றுவிடும். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. இது எனக்கு வைத்தியர் சொல்லித் தந்தது.

தங்கள் பரிசோதகர் 31ஆம் திகதி வந்தபோது நாங்கள் அப்போதுதான் உள்ளே வந்திருந்தோம். ரேப் கறுவலின் காலில் இருந்தது. துவாய் கதவடியில் கிடந்தது. காலுறையில் இரத்தம் ஊறியிருந்தது. ‘கால்கள் ரேப்பினால் கட்டப்பட்டிருந்தன’ என்று அவர் எழுதியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களைப் பற்றி முறையிட்ட பெண்மணி நாலாம் மாடிப் பல்கனியில் நின்றாராம். அங்கிருந்து அவர் கண்டது, ஒரு மனிதன் துவாயால் ஒரு நாயை இழுக்கிறான், பின்னால் பனியில் சிவப்புப் புள்ளிகள் விழுகின்றன என்பதைத்தான். அந்தப் பல்கனியில் நான் நின்றிருந்தால் நானும் தொலைபேசியை எடுத்திருப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

5. இனி வாக்குமூலம். பெப்ரவரி 3ஆம் திகதி தங்கள் நிலையத்தில் பரிசோதகர் மேசையின் மறுபக்கம் இருந்தார். மொழிபெயர்ப்பாளரான ஓர் இளம் பெண்ணின் குரல் தொலைபேசியில் வந்தது. மரியாதையான பிள்ளை. நகத்தில் இரத்தம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

“பின்காலை இழுத்து இழுத்துத்தான் போறது, பிள்ளை. அதாலைதான் நகம் தேஞ்சு இரத்தம் வருது.”

அந்தப் பிள்ளை, “நீங்களோ அங்கிள்?” என்று கேட்டார். நாயை வெளியே கொண்டுபோவது நானா, எனது மனைவியா என்று கேட்கிறார் என நான் விளங்கிக்கொண்டேன். “ஓம், நான்தான். ஒவ்வொரு நாளும், ரண்டு தரம்” என்றேன்.

ஐயா, எனது வசனத்தில் எழுவாய் இல்லை. இழுத்தது யார் என்று நான் சொல்லவில்லை. தன் காலைத் தானே இழுத்தது கறுவல். எங்கள் பேச்சில், எதிரில் இருப்பவருக்குத் தெரியும் என்ற நினைப்பில் ஆளைச் சொல்லாமலே விட்டுவிடுவோம். ‘போறது’ என்ற சொல்லோ, நாய் போவதற்கும் பொருந்தும், நாங்கள் வழமையாகப் போய்வருவதற்கும் பொருந்தும். கறுவல் அந்த அறையில் நாலடி நடந்திருந்தால் பரிசோதகருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிராது. ஆனால் கறுவல் கூட்டில் இருந்தது. அந்தப் பிள்ளையோ தொலைபேசியில் இருந்தார். நான் ஆங்கிலத்தில் இருந்த தாளில் கையொப்பமிட்டேன். ஊரில் ஓர் அரச பணிமனையில் பதினொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து, வந்தவர்களிடமெல்லாம் ‘வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்’ என்று சொன்னவன் நான். வாசிக்காமல் கையொப்பமிட்டேன். இந்தப் பிழை என்னுடையது, வேறு எவருடையதும் அல்ல.

6. இந்த மனுவைத் தாங்கள் நேரே வாசிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இடையில் ஒருவர் இருப்பார். அவரிடம் தங்கள் அனுமதியோடு ஒரு வார்த்தை. பிள்ளை, இது உங்களிடமே வந்திருந்தால் மனம் சங்கடப்பட வேண்டாம். நான் ‘ஓம்’ என்று சொன்ன பிறகு வேறு எப்படி நீங்கள் எழுதுவது? இம்முறை காலைப் பற்றிய எந்த வசனத்தையும் ஆளைச் சொல்லாமல் நான் விடவில்லை. எங்கே நான், எங்கே கறுவல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிக் கொடுங்கள். எனக்காக எதையும் அழகுபடுத்த வேண்டாம்.

7. கறுவல் கட்டளைக்குப் பணிவதில்லை என்பது பற்றி. கறுவலுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு மாதக் குட்டியாக எங்களிடம் வந்த நாளிலிருந்து அது கேட்டது எங்கள் பேச்சைத்தான். ‘இரு’ என்றால் இருக்கும். ‘வா’ என்றால் வரும். ‘மெள்ள’ என்றால், இந்த நிலையிலும், நின்று பின்காலை ஒருமுறை தூக்கி வைக்கப் பார்க்கும். பெயர் விடயமும் இதுதான். நிறம் கறுப்பு என்பதால் கறுவல் என்று வைத்தோம். அதைத் தங்கள் பதிவில் ‘கறோல்’ என்று எழுதி, கூட்டிலும் ஒட்டியிருப்பதாகப் பிரதீபா தொலைபேசியில் விசாரித்துச் சொன்னார். அது இங்கே பெண்களுக்கு வைக்கும் பெயராம். பத்து நாட்களாக ஒருவரும் தன்னை அழைக்கவில்லை என்றே கறுவல் நினைத்திருக்கும். எனக்காவது ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தந்தீர்கள்.

8. ஆகவே தாங்கள் மிருக வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்கு முன் கறுவலை எங்களிடம் திருப்பித் தர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பரிசோதகர் எந்த நேரத்திலும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அதுவரையும் ஒன்று செய்யுங்கள். கறுவலின் பின்பாதங்களை மாலையில் ஒருமுறை யாராவது தூக்கிப் பார்க்க வேண்டும். கூட்டின் தரை சீமெந்து என்று அறிகிறேன். நகம் தேய்ந்து இரத்தம் வந்தாலும் கறுவல் அழாது. அழாததால் காயமில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

9. பணிமனையில் இருந்த காலத்தில், நீண்ட மனு வந்தால் முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் மட்டும் நான் வாசித்ததுண்டு. தாங்களும் அப்படிச் செய்தால் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அதனால் முக்கியமானதைக் கடைசியில் வைக்கிறேன். எனது பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு இந்த வாக்குமூலத்தால் பாதிப்பு வரலாம் என்கிறார்கள். அது பிறகு பார்க்க வேண்டிய காரியம். எனது பெயருக்கு எதிரே எழுதியதைத் திருத்தத் தங்களுக்கு நேரம் இல்லாவிட்டால் அது அப்படியே இருக்கட்டும். கூட்டில் ஒட்டிய பெயரை மட்டும் இன்றே திருத்துங்கள். முடிவெடுப்பதற்கு முன் அந்தக் கூட்டின் முன்னால் நின்று, ஒரேயொரு தரம், ‘கறுவல்’ என்று கூப்பிடுங்கள். இதை மொழிபெயர்க்கும் பிள்ளையே தொலைபேசியில் சொல்லித் தரலாம், அல்லது தொலைபேசியைக் கூட்டினருகே பிடித்தால் அவரே கூப்பிடலாம்.

அவன் திரும்பிப் பார்ப்பான்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வீட்டில் காத்திருக்கும்,

(ஒப்பம்) பொ. சச்சிதானந்தன்

இடம்: ஸ்காபரோ
திகதி: 10.02.1997

இணைப்பு: மிருக வைத்தியரின் கடிதப் பிரதி ஒன்று, கழுவிய குழந்தைக் காலுறை ஒரு சோடி, கறுவலுக்குப் போடுவதற்கு.